நெற்களஞ்சியத்துக்கு ஏற்ற போர்க்லிப்ற் எது?

காலபோக அறுவடை முடிந்ததும் கனகராயன்குளத்தில் நெல் மூடைகளை லொறியில் ஏற்றும் வேலை தொடங்கிவிடும். மூன்று புசல் நெல் கொண்ட சணற்சாக்கு மூடையொன்று ஏறக்குறைய 63 கிலோகிராம் நிறையுடையது. ஒருவர் சுமக்க அனுமதிக்கப்படும் பாரம் 55 கிலோகிராமுக்கு மேற்படுமாயின் அதனைக் குறைத்தல் வேண்டுமெனச் சர்வதேசத் தொழில் தாபனம் 1967 ஆம் ஆண்டிலேயே விதந்துரைத்தது. நாற்பது வயதில் முதுகு நோவால் மூடை தூக்க இயலாது போனவர்களைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆகவே சங்கமாகக் கூடிப் போர்க்லிப்ற் வாங்க எண்ணுவது நல்லதே. ஆயினும் எதை வாங்குவது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

மூடைகளை உயர அடுக்கும் தேவை இல்லாத சிறு களஞ்சியத்துக்குக் கையால் இழுக்கும் பலட் வண்டியே போதும். மரத்தட்டைச் சில அங்குலம் உயர்த்தி நகர்த்தும் இவ்வண்டிக்கு மட்டமான சீமெந்துத் தரை இன்றியமையாதது. மண் முற்றத்தில் அது ஓடாது.

உயர அடுக்க வேண்டுமாயின் போர்க்லிப்ற் தேவை. 50 கிலோகிராம் மூடைகள் இருபதைத் தட்டில் அடுக்கினால் ஒரு தொன் ஆகும். தட்டின் நிறை வேறு. இதற்கு ஒன்றரைத் தொன் இயந்திரம் பொருந்தும். ஆனால் அந்த அளவு, பாரத்தின் நடுப்பகுதி கரங்களின் அடியிலிருந்து பெரும்பாலும் 500 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும்போதே செல்லும். தூரமும் உயரமும் கூடக்கூடத் தூக்கும் வலு குறையும். இயந்திரத்திற் பதித்துள்ள தகட்டை வாசித்தறியாது வாங்கற்க. மூன்று தொன் இயந்திரம் எதற்கும் உதவும் என்று விற்பவர் கூறுவார். அதன் வெறும் நிறையே நான்கு தொன்னுக்கு மேற்படும். பழைய களஞ்சியத் தரை அதைத் தாங்குமா?

மாரியில் சேறாகும் முற்றத்தில் வேலை செய்யக் காற்றடைத்த ரயர்களும் டீசல் எஞ்சினும் உள்ளதே ஏற்றது. அதனை மூடிய களஞ்சியத்துள் ஓட்டுதல் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உயிராபத்து விளைக்கும். மரக்கறியும் வாழைக்குலையும் வைக்குமிடத்தில் வேறொரு தீங்கும் உண்டு. எஞ்சின் புகையிலுள்ள எதிலீன் காய்களை முந்திப் பழுக்கவும் இலைமரக்கறியை மஞ்சளாகவும் செய்யும். எனவே உள்வேலைக்குப் பற்றரி இயந்திரமே சிறந்தது. ஈயப் பற்றரிக்கு மின்னேற்றுகையில் தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் காற்றோட்டமான இடத்தில் ஏற்றுக. அருகில் சுருட்டு, பீடி புகைத்தல் கூடாது.

சாய்தளத்தில் பாரத்துடன் ஏறும்போதும் இறங்கும்போதும் பாரம் மேட்டுப்பக்கமாகவே இருத்தல் வேண்டும். அதாவது, பின்புறமாக ஓட்டியே இறங்க வேண்டும். கரங்களில் எவரையும் ஏற்றித் தூக்கற்க.

பாவித்த இயந்திரம் வாங்குவோர், கரம் வளையும் இடத்தில் வெடிப்பு உண்டோ எனப் பார்க்க. அவ்விடத்துத் தடிப்பு பத்திலொரு பங்கு தேய்ந்திருப்பின் அக்கரம் உதவாது. களஞ்சியக் கதவின் உயரத்தை அளந்து கையில் எடுத்துச் செல்க; தூண் உள்ளே நுழையாத இயந்திரத்தை வாசலில் நிறுத்தி வைக்கவே முடியும்.