எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காப்பது எது?

நாலு பல்பு, ரெண்டு ஃபேனுக்காக அன்று இழுத்த வயரிங்கில் இன்று ஏசி, கீசர், போர் மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. கடம்பத்தூர் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் நிலை இதுதான். பீஸ் போனால் கையில் கிடைத்த கம்பியை முறுக்கிச் சொருகிவிடுகிறோம். அந்தக் கம்பி தடிமனாக இருந்தால், லோடு ஏறும்போது பீஸ் கட்டைக்குப் பதில் சுவருக்குள் இருக்கும் வயர்தான் உருகும்.

அதனால்தான் பீஸ் கட்டைகளை எடுத்துவிட்டு, லைன்கள் பிரியும் டி.பி. பாக்ஸில், லோடு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. போடுகிறார்கள். இதை வயரின் தடிமனுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. லைட் லைனுக்கு 10 ஆம்பியரும், 2.5 சதுர மி.மீ. பவர் பிளக்குக்கு 16 ஆம்பியரும் வழக்கம். அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியர் மாட்டினால் பழைய கதைதான்.

ஆனால் ஷாக்கிலிருந்து எம்.சி.பி. காப்பாற்றாது. உடல் வழியே 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல. அந்த வேலைக்குத்தான் ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது கசிந்து கணக்கு உதைத்தால், 0.3 விநாடிக்குள் லைனைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு இந்தக் கசிவு வரம்பு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிமுறைகள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் மட்டும் இதுவும் கைகொடுக்காது.

பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகுதான் சிக்கல் தொடங்கும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு ரூம் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள். சுவர் ஈரத்தில் ஊறிய வயரும் கசியும். ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். "மெஷின் சரியில்லை" என்று பைபாஸ் செய்தால், போட்ட காசு வீண். ஒவ்வொரு லைனாக இறக்கிப் பார்த்து, வயரின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்துச் சோதித்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

டி.பி. மாற்றும்போதே எர்த் குழியையும் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். எர்த் சரியாக இருந்தால், கீசர் பாடியில் கரண்ட் இறங்கியதுமே ஆர்.சி.சி.பி. விழும், இல்லையென்றால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுங்கள். மீட்டரிலும் அதற்கு முன்னால் உள்ள கட்-அவுட்டிலும் மின்வாரியத்தார் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அதை உடனே மாற்றியாக வேண்டும்.