மக்கும் பொருளுக்கு வலுவூட்டும் நுண்குழாய்

மண்சுவர் எழுப்பிய நம் முன்னோர், குழைத்த மண்ணில் வைக்கோலை நறுக்கிச் சேர்த்து மிதித்தனர். வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் அதனைப் பிணைத்து நிறுத்தும். இன்று விஞ்ஞானிகள் மேற்கொண்டுள்ள ஒரு முயற்சிக்கும் அடிப்படை இதுவே.

ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை நம் நாடு 2022 ஜூலை 1 முதல் தடை செய்தது. அவற்றுக்கு மாற்றாகக் கருதப்படுவன உயிர்ப்பொருள்களினின்று பெறும் பாலிமர்கள். இறால், நண்டு ஓடுகளினின்று கிடைக்கும் கைட்டோசானும், மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்து ஆக்கும் பாலிலாக்டிக் அமிலமும் இவ்வினத்தைச் சார்ந்தவை. தக்க சூழலில் இவை மக்கிவிடும். ஆயினும், கைட்டோசான் ஏடு ஈரத்தில் தளரும். பாலிலாக்டிக் அமிலம் எளிதில் முறியும்.

இக்குறை தீர்க்கும் வைக்கோலாக வாய்த்தது கார்பன் நானோ குழாய். 1991-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா இதன் அமைப்பை விளக்கி உலகின் கவனத்தை ஈர்த்தார். அறுகோணக் கண்களையுடைய கார்பன் வலை, பாயைப்போல் சுருண்டு அமைந்தது இக்குழாய். ஒற்றைச் சுவர்க் குழாயின் குறுக்களவு ஏறத்தாழ 1 நானோ மீட்டரே. விறைப்பிலோ இது எஃகைப்போல் ஏறத்தாழ 5 மடங்கு. எடையில் எஃகினும் மிகக் குறைவு.

எனினும், இதனை அப்படியே கலந்தால் பயனில்லை. குழாய்கள் ஒன்றையொன்று பற்றி, எண்ணெய் காணாத கூந்தல்போல் சிக்கேறும். அன்றியும், வழுவழுப்பான அவற்றின் மேற்பரப்பு சுற்றியுள்ள பொருளைப் பற்றாது, இழுத்தால் நழுவும். ஆதலின், ஒவ்வொரு குழாயின்மீதும் வேறொரு பாலிமரின் இழைகளைப் பிணைக்கின்றனர், அல்லது சுற்றிவிடுகின்றனர். இந்த இடைப்பொருள் சிக்கைப் பிரிப்பதோடு, குழாயையும் உயிர்ப்பாலிமரையும் இணைக்கும் பாலமாகவும் அமைகிறது. மென்மையான பொருள் தாங்கும் இழுவிசை, வலிய குழாய்க்கு இடம் மாறுகிறது. நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவாகச் சேர்த்தபோதும் வலிமை கூடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

இங்கு ஒரு வினா எழுகிறது. பை மக்கிய பின் குழாய் என்னாகும்? அது எளிதில் அழிவதன்று. 2008-ஆம் ஆண்டில் எலிகளின் வயிற்றறையில் நீண்ட குழாய்களைச் செலுத்தியபோது, ஆஸ்பெஸ்டாஸ் இழைகளால் விளைவதையொத்த அழற்சி கண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2014-இல் ஒரு வகைக் குழாயை மட்டும், புற்றுநோய் விளைக்கக்கூடும் என ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. எல்லா வகைகளும் தீயன என்பது இதன் பொருளன்று. பொருளுள் கெட்டியாகப் பதிந்திருப்பது வேறு. தூசாய் மூச்சில் கலப்பது வேறு.

ஆயினும், மண்ணோடு மண்ணாகும் என்று சொல்லி நம் இல்லத்துக்கு வரும் பொருளில் கலந்துள்ளது யாது, அது இறுதியில் எங்குச் சேரும் என்று கேட்டறிதல் நம் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையாகும்.