தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட நகர மன்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தில் அரச சாசனத்தால் தன்னாட்சியும் வணிக உரிமையும் பெற்ற நகரங்கள் 66 இருந்தன. ‘ராயல் பர்க்’ எனப்பட்ட இந்நகரங்களின் மன்றம், நீதிமன்றமாகவும் நிலவுடைமையாளராகவும் சந்தை அதிகாரியாகவும் ஒருங்கே செயல்பட்டமையால், குடிமக்களின் அன்றாட வாழ்வில் அதன் கை படாத துறை குறைவு.

மன்றத்தின் தலைவர் புரோவோஸ்ட் எனப்பட்டார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த பெய்லிகள் சிறு திருட்டு, அடிதடி, கடன் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளித்தனர். வணிகர் சங்கத் தலைவரான ‘டீன் ஆஃப் கில்டு’, கட்டட அனுமதி வழங்கியதோடு எடைக்கற்களையும் அளவுகளையும் சோதித்தார். நகரத்துக்குச் சொந்தமான நிலங்கள், மாவு ஆலைகள், சந்தைக்கு வரும் பொருள்கள் மீதான சுங்கம் ஆகியவற்றின் வருவாய் ‘காமன் குட்’ என்னும் பொது நிதியில் சேர்ந்தது. சுங்கம் வசூலிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. பள்ளி ஆசிரியரை அமர்த்துவதும் சிறைச்சாலையைப் பராமரிப்பதும் மன்றத்தின் பொறுப்புகளே.

இத்தகைய அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய தேர்தலோ பெயரளவில்தான் நடந்தது. 1469-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதவிக்காலம் முடியும் மன்றமே புதிய மன்றத்தைத் தேர்ந்தெடுத்ததால், ஒரு சிறு குழுவினரே ஆண்டுதோறும் தங்களுக்குள் பதவிகளை மாற்றிக்கொள்ள முடிந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஸ்காட்லாந்து நகரங்கள் அனுப்பிய 15 உறுப்பினர்களையும் இம்மன்றங்களே முடிவு செய்தன. எடின்பரோவின் ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தவர்கள் 33 பேர் மட்டுமே.

இம்முறையின் பெருங்கேடு அபர்டீன் நகரில் வெளிப்பட்டது. அங்கே 1800-இல் சட்ட அனுமதி பெற்று யூனியன் வீதியை அமைக்கத் தொடங்கிய மன்றம், டென் பர்ன் ஓடையின் பள்ளத்தாக்கைக் கடக்க ஏறத்தாழ 40 மீட்டர் தூரத்தை ஒரே வளைவில் தாண்டும் கருங்கல் பாலத்தையும் 1805-இல் கட்டி முடித்தது. இன்றும் நகரின் முதன்மைச் சாலையாக விளங்கும் அவ்வீதி, தொலைநோக்குள்ள பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கென வாங்கிய கடன் எவ்வளவு, எவ்வாறு அடைக்கப்படும் என்று கேட்கும் அதிகாரம் வரி செலுத்தியவர்களுக்கு இல்லாததால், கடன் கண்காணிப்பின்றிப் பெருகி, 1817-இல் நகரம் திவாலானது. நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் பொதுப்பணத்துக்குக் காவலாகாது என்பதை இந்நிகழ்வு நாடறிய உணர்த்தியது.

நகரங்களின் குடிமக்கள் மனுக்கள் அளித்து வற்புறுத்தியதன் விளைவாக 1819-இல் நாடாளுமன்றக் குழு விசாரணையைத் தொடங்கியது; 1822-ஆம் ஆண்டுச் சட்டம் மன்றக் கணக்குகளை ஒழுங்குபடுத்த முற்பட்டது. எனினும் கணக்கில் குறை கண்டவர்களுக்கு, குறை செய்தவர்களை மாற்றும் வழி அப்போதும் கிட்டவில்லை. எடின்பரோ நகரமும் கடனில் மூழ்கிய 1833-ஆம் ஆண்டில்தான், 10 பவுண்டு ஆண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் வாழ்ந்த ஆண்களுக்கு வாக்குரிமை அளித்த சட்டம் நிறைவேறியது. பெண்களையும் ஏழைத் தொழிலாளர்களையும் அது விலக்கி வைத்தது பெருங்குறையே. ஆயினும், நகரை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆள்பவர்களுக்கே உரியது என்னும் மூன்றரை நூற்றாண்டு வழக்கத்துக்கு அச்சட்டமே முடிவு கட்டியது.