கடனை இடம் மாற்றலாமா?

புதுக்கோட்டைக்கு இருபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள குடுமியான்மலைக்குச் சென்று, அங்குள்ள சங்கீதக் கல்வெட்டைக் கண்ணாரக் காணவேண்டும் என்பது நமது நெடுநாளைய ஆசை. சென்ற மாதம் அது நிறைவேறிற்று. பல்லவ கிரந்த எழுத்தில் பாறையில் வரிசை வரிசையாக வெட்டியிருக்கும் ஸ்வரங்களைப் பார்த்து வியந்துவிட்டு, அவ்வூரிலுள்ள நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். காப்பி வந்தது. கூடவே இன்னொரு சாசனமும் வந்தது. அது காகிதத்தில் இருந்தது.

நண்பர் புதுக்கோட்டையில் உத்தியோகம் பார்க்கும் மாதச் சம்பளக்காரர். மகனுடைய கல்லூரிச் சம்பளத்தையும், மழைக்கு ஒழுகிய கூரையின் செலவையும் கிரெடிட் கார்டில் சுமத்தியதில் 60,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. மாதந்தோறும் 3,000 ரூபாய் தவறாமல் கட்டி வருவதால் தம்மை நாணயஸ்தரென்றே அவர் எண்ணியிருந்தார். இப்போது வேறொரு பாங்கி, “உமது பாக்கியை எம்மிடம் மாற்றிக்கொள்ளும், வட்டி பாதிக்கும் குறைவு” என்று கடிதம் எழுதியிருக்கிறது. மாற்றலாமா, கூடாதா என்பது கேள்வி.

பென்சிலை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். பழைய கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி. அதாவது 2,100 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 378 ரூபாய். ஆக, அவர் கட்டும் 3,000 ரூபாயில் 2,478 ரூபாய் முதலைத் தொடுவதே இல்லை! அசலில் குறைவது 522 ரூபாய்தான். இந்த வேகத்தில் போனால் கடன் தீர 44 மாதமாகும். தீரும்போது அவர் கட்டியிருப்பது ஏறக்குறைய 1,30,000 ரூபாய். நண்பரின் முகம் வாடிவிட்டது.

இவ்விடத்தில் நமக்கு ஒரு பழைய சட்டம் நினைவுக்கு வந்தது. 1938-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தில், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு முதலைப்போல் இரு மடங்கு கட்டிவிட்ட குடியானவனுடைய கடன் அடியோடு தீர்ந்ததாகக் கருதப்பட்டது. நமது நண்பரோ இரு மடங்குக்கு மேலேயே கட்டப்போகிறார். அவரைக் காக்கச் சட்டம் ஏதுமில்லை. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20-ல் சுப்ரீம் கோர்ட் அத்தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. எனவே அவரவர் கணக்கை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய பாங்கியின் கடிதத்தைப் பிரித்தோம். மாதம் ஒன்றரை சதவீத வட்டி, பன்னிரண்டு தவணை, முன்கூட்டியே 2 சதவீதக் கட்டணம். கட்டணம், வட்டி, இரண்டின் மேலும் வரி, எல்லாம் சேர்த்தால் செலவு சுமார் 8,500 ரூபாய். பழைய கார்டிலேயே ஓராண்டில் அடைப்பதானால் 17,300 ரூபாய் ஆகும். லாபம் உண்மைதான். ஆனால் மாதம் 3,000 கட்டிவந்தவர் இனி 5,600-க்குக் குறையாமல் கட்டவேண்டும். தவணை தவறினால் சலுகை பறந்துவிடும் என்று கடிதத்தின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. இத்தகைய வரிகளை மட்டும் ஏன்தான் இவ்வளவு சிறிதாக அச்சடிக்கிறார்களோ!

இதுவரை வாசற்படியில் நின்று மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் மனைவியார், “ஏங்க, என் சங்கிலி பெட்டியில சும்மாதானே கிடக்கு?” என்றார்.

நண்பர் துள்ளி எழுந்தார். மனைவியின் நகையை அடகு வைப்பதாவது! மானம் போய்விடாதா? அம்மையார் அசையவில்லை. “ஊருக்குத் தெரியாம கார்டுக்காரனுக்கு அழுதா மட்டும் மானம் நிக்குமா? அண்ணே, நீங்க கணக்குப் போடுங்க” என்றார்.

போட்டோம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் நகைக்கடன் கிடைத்து, மாதாமாதம் முதலையும் குறைத்து வந்தால் வட்டி 4,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. மூன்று வழிகளில் இதுவே மலிவு. அபாயமும் இதில்தான் அதிகம். கெடு தப்பினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். கார்டுக்காரர் தொல்லை கொடுப்பார். ஆனால் சங்கிலியைக் கொண்டுபோக மாட்டார். இதையும் ஒளிக்காமல் சொன்னோம்.

அம்மையார் சற்று யோசித்தார். வரும் மாதத்தோடு தம்முடைய சீட்டு முடிகிறதென்றும், அதற்குக் கட்டி வந்த 2,500 ரூபாய் இனி மிச்சமாகுமென்றும், அதை இதில் சேர்த்துவிடலாமென்றும் கூறினார். மாதம் 5,500 ஆயிற்று. நகைக்கடனைப் பன்னிரண்டு மாதத்தில் அடைக்க 5,350 ரூபாய் போதும். நண்பர் வாயடைத்துப் போனார்.

“அந்தக் கார்டை என்ன செய்யறது?” என்று அடுத்தபடியாகக் கேட்டார் அம்மையார். நியாயமான கேள்வி. பாக்கி தீர்ந்தவுடன் அந்தக் கார்டில் மீண்டும் 60,000 ரூபாய்க்கு இடம் திறந்துவிடும். தீபாவளி வேறு வருகிறது. பாக்கி இல்லாத கார்டை மூடும்படி கோரினால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் தரவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் 2022-ஆம் வருஷத்து விதி என்று சொன்னோம். நண்பர், அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று மெல்ல இழுத்தார்.

அம்மையார் உள்ளே சென்று ஒரு வெள்ளைக் காகிதமும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.