கரிசல் காட்டுக் கம்மங்கஞ்சி

கயத்தாறு, கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்து மானாவாரிக் கரிசலில் நெல்லுக்கு இடமில்லை. குளத்துப் பாசனம் வாய்த்த சில வயல்களில்தான் அது விளைந்தது. சம்சாரி (விவசாயி) வீட்டு அடுப்பில் அன்றாடம் வெந்தது கம்பு. அரிசிச் சோறு தீபாவளி, பொங்கல் போன்ற நாட்களுக்கானது.

கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்ட தானியம். சில நூற்றாண்டுகளிலேயே இந்தியாவுக்கும் வந்துவிட்டது. புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வளரும். மழை ஓய்ந்த பிறகும் கரிசல் மண் தேக்கிவைத்த ஈரத்தைக் குடித்தே கதிர் முற்றிவிடும்.

கம்பை உண்ணத் தகுந்ததாக்குவது கடும் வேலை. தானியத்தில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டுக் குத்தி, தவிட்டைப் புடைத்து நீக்க வேண்டும். பிறகு மறுபடியும் இடித்துக் குருணையாக்க வேண்டும். 100 கிராம் கம்பில் கொழுப்பு சுமார் 5 கிராம். அதனால் இடித்து வைத்த மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். முன்கூட்டி இடித்துச் சேமிக்க வழியில்லை. காட்டு வேலை முடித்து வந்த பெண்களே அன்றன்றைக்குத் தேவையானதை இடித்தார்கள். கம்மஞ்சோற்றின் ருசியைப் பேசுவோர் இந்த உழைப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

கொதிக்கும் உலையில் குருணையைப் போட்டுத் துடுப்பால் விடாமல் கிண்டினால் சோறு இறுகும். இரவில் அதைச் சூடாகப் புளிக்குழம்போடோ கருவாட்டுக் குழம்போடோ உண்பார்கள். மிஞ்சியதை உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். விடிவதற்குள் லேசாகப் புளித்திருக்கும். லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலை அது. காலையில் உருண்டையைக் கரைத்து, உப்பும் மோரும் சேர்த்தால் கஞ்சி தயார். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சீனியவரைக்காய் வத்தல், காணத் (கொள்ளு) துவையல் எல்லாம் அதற்கு ஏற்ற வெஞ்சனங்கள். உருண்டை ஊறிய நீச்சத்தண்ணிக்கும் தனி மவுசு உண்டு.

ஒருமுறை அடுப்பு மூட்டினால் இரண்டு வேளைச் சாப்பாடு. வெயிலில் களை எடுப்பவருக்கு இந்தக் குளிர்ந்த கஞ்சி தாகத்தையும் பசியையும் ஒன்றாகத் தீர்த்தது. வியர்வையில் போன உப்பையும் ஈடுகட்டியது. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்து பல மடங்கு அதிகம்.

ரேஷன் அரிசி வீடுதோறும் வந்த பிறகு உரல்கள் ஓய்ந்தன. கம்பு விளைந்த நிலத்தில் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் பரவிவிட்டது. ஐ.நா. அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததில் நகரங்களில் கம்புக்குப் புது மதிப்பு கிடைத்திருக்கிறது. கோடையில் சாலையோரத் தள்ளுவண்டிகளிலும் கம்பங்கூழ் விற்கிறார்கள். அந்தக் கம்பு கரிசல் சம்சாரிக்குக் கட்டுபடியாகும் விலையில் கொள்முதலானால்தான் இங்கே மறுபடியும் விதைப்பு கூடும்.