இன்ஜினுக்குத் தண்ணி காட்டுவோமா?

பழவேற்காடு பக்கம் போனா, அவுட்போர்டு மோட்டார் மாட்டின படகைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. மோட்டார்லேர்ந்து ஒரு மெல்லிய தண்ணித் தாரை பீய்ச்சிக்கிட்டே இருக்கும். ‘ஐயோ, லீக்!’னு பதறாதீங்க பாஸ். உள்ளே ஒரு ரப்பர் இம்பெல்லர் வெளித் தண்ணியை உறிஞ்சி, இன்ஜினைக் குளிர வெச்சுத் துப்புது. தாரை நின்னா ஆபத்து. உடனே மோட்டாரை அணைக்கணும்.

காருக்கு ஏது ஏரி? ரேடியேட்டர்ல இருக்கிற சில லிட்டர் கூலன்ட்தான் திரும்பத் திரும்பச் சுத்தணும். பெரும்பாலான கார்கள்ல வாட்டர் பம்ப்பை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுத்துது. சிக்கலும் அங்கேதான்! டிராஃபிக்ல நிக்கும்போது பம்ப்பும் தூங்கி வழியும். இன்ஜின் 7000 ஆர்.பி.எம். தொட்டா, தேவையோ இல்லையோ வெறித்தனமா சுத்தும். பம்ப்போட வேகம் ரெண்டு மடங்கானா, அது தின்னுற சக்தி கிட்டத்தட்ட எட்டு மடங்கு! ரேஸ் முடிஞ்சு இன்ஜினை அணைச்சா பம்ப்பும் அவுட். ஆனா, சிலிண்டர் ஹெட் அனலா கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

எலெக்ட்ரிக் பம்ப் இந்தக் கட்டை அவிழ்த்துடுது. சூடு எவ்வளவோ, ஓட்டம் அவ்வளவு. இன்ஜின் நின்ன பிறகும் சில நிமிஷம் ஓடும். 2004-ல் பி.எம்.டபிள்யூ தன்னோட ‘என்52’ இன்ஜின்ல இதைக் கொண்டுவந்துச்சு. 2009-ல் வந்த மூணாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ்ல பெல்ட்டே கிடையாது!

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடக்கிற ‘ஃபார்முலா பாரத்’துக்கு கார் கட்டுற கேங்கா நீங்க? அப்போ மாத்துறதுக்கு முன்னாடி மூணு கணக்கு போடுங்க.

ஒண்ணு, கரென்ட். 12 வோல்ட்ல 10 ஆம்பியர்னா 120 வாட். உங்க பைக் இன்ஜினோட ஆல்டர்னேட்டர் அதைத் தாங்குமா?

ரெண்டு, பெல்ட். சில கார்கள்ல டைமிங் பெல்ட்டே பம்ப் மேலதான் ஓடும். அதை அப்படியே கழட்டி வீச முடியாது.

மூணாவதுதான் உயிர்நாடி... ஃபியூஸ் போனாலோ ஒயர் கழண்டாலோ இன்ஜின் பாட்டுக்கு ஓடும். தண்ணி மட்டும் நின்னுடும். பெல்ட் அறுந்தாலாவது சத்தம் கேட்கும். இது சத்தமே போடாம ஹெட் கேஸ்கட்டைக் காலி பண்ணிடும். படகுக்காவது எச்சரிக்க ஒரு தாரை இருக்கு. உங்க காருக்கு?

ஓட்டுறவர் கண்ணுல படுற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு, ஹெட் பக்கத்துல ஒரு டெம்பரேச்சர் சென்சார். பம்ப் வாங்கக் காசு சேர்க்கும்போதே இதுக்கும் சேர்த்து எடுத்து வைங்க. மிஞ்சுற குதிரைசக்தி கொசுறுதான். இன்ஜின் பிழைக்கிறதுதான் லாபம்!