பையைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்

போன மாதம் பரணிலிருந்து ஒரு முதுகுப்பையை இறக்கினேன். நாலு வருஷத்துக்கு முன்னால் தள்ளுபடியில் வாங்கியது. எப்போதாவது மலையேறப் போனால் ஆகும் என்று, கடையில் போட்டுக்கொடுத்த பாலித்தீன் உறையைக்கூடப் பிரிக்காமல் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு தடவைகூடத் தோளில் ஏறாத பை. உள்ளே கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. உதறினால், பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல வெள்ளைச் செதில்கள் கொட்டின. வெளியே துணி மட்டும் புதுக்கருக்கு மாறாமல் பளபளத்தது.

உதிர்ந்தது பாலியூரித்தேன். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க நைலான், பாலியஸ்டர் துணிகளின் உட்புறத்தில் இதை மெல்லியதாகப் பூசுவார்கள். இதன் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அறுத்துவிடும். பள்ளியில் படித்த நீராற்பகுப்புதான். சூடு கூடினால் வேலை வேகமாக நடக்கும். கடலோர ஊர், தளத்தின் வெக்கை இறங்கும் பரண், காற்றுப் புகாத உறை என்று மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாலியூரித்தேனிலும் எஸ்டர் வகை சீக்கிரம் சிதையும், ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும். நம் கையிலிருக்கும் பை எந்த வகை என்று விலைச்சீட்டில் போட்டிருப்பதில்லை.

பையின் தரம் உள்பக்கத்தில் இருக்கிறது என்பதை இப்படிக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். கற்றதில் பாதி, எங்கள் தெருமுனையில் புங்கமரத்தடியில் பை தைக்கிறவர் சொன்னது. ஜிப் போன இன்னொரு பையை அவரிடம் கொண்டுபோனேன். ரன்னரை மேலே இழுத்தால் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தது.

“முழு ஜிப்பும் மாத்தணுமாண்ணே?”

“எதுக்கு சார்? பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரன்னர்தான் வாயப் பொளந்துடுச்சு.”

குறடை எடுத்து ரன்னரின் இரண்டு பக்கத்தையும் லேசாக அழுத்தினார். ஜிப் மூடிக்கொண்டது. நம்பவே முடியவில்லை. விஷயம் எளிமையானது. இரண்டு வரிசைப் பல்லையும் குறிப்பிட்ட கோணத்தில் நெருக்கி, ஒன்றோடொன்று மாட்டிவிடுவதுதான் ரன்னரின் வேலை. மணலும் தூசியும் உரசி உரசி அதன் உட்சுவர் தேய்கிறது. இடைவெளி ஒரு மயிரிழை கூடினாலும் பல் மாட்டாது. குறடு அந்த இடைவெளியைக் குறைக்கிறது. நிரந்தர வைத்தியம் இல்லை, ஆறு மாசம் ஓடும். அப்புறம் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும்.

ரன்னரின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 3, 5, 8, 10 என்று ஏதோ ஓர் எண் இருக்கும். மூடிய பல்வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். சின்ன அறைகளுக்கு 5 போதும். சுமை அழுத்தும் பெரிய வாய்க்கு 8 அல்லது 10 இருந்தால் நிம்மதி. தனித்தனிப் பல்லாக இருப்பதைவிட, ஒரே இழையைச் சுருளாகச் சுற்றிச் செய்யும் காயில் ஜிப் பைக்குத் தோதானது. நடுவில் பிளந்தாலும் ரன்னரைப் பின்னுக்கு இழுத்துத் திரும்ப ஓட்டினால் சேர்ந்துகொள்ளும். தனிப்பல் ஜிப்பில் ஒரு பல் விழுந்தால் கதை முடிந்தது. ஒய்.கே.கே. என்ற மூன்றெழுத்தைப் பலரும் தேடுகிறார்கள். டோக்கியோவில் 1934-ல் ததாவோ யோஷிதா தொடங்கிய நிறுவனம் அது. தேடலாம், தப்பில்லை. அதே எழுத்தைப் பொறித்த போலியும் உலவுவதால் எழுத்தோடு நிறுத்தாமல் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். வளைவான மூலையிலும் ஒரு கையால் ஓட வேண்டும்.

கடைக்காரர்கள் அடுத்து எடுத்துவிடும் சரக்கு டெனியர். “1680 டெனியர் சார், கிழியவே கிழியாது.” டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 1000 டெனியர் என்றால் 9 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ இருக்கும். அதாவது அது நூலின் கனத்தைச் சொல்கிறது, வலுவைச் சொல்வதில்லை. சாதாரண பாலியஸ்டரில் பெரிய எண்ணைவிட, உறுதிக்கென்றே இழுத்துச் செய்த நைலானில் சின்ன எண் உரசலை அதிகம் தாங்கலாம். வெயிலில் பாலியஸ்டருக்கு ஆயுள் அதிகம், உரசலில் நைலானுக்கு.

பைகள் துணியின் நடுவில் கிழிவது அபூர்வம். தோள்வார் பையின் உடம்போடு சேரும் இடத்தில்தான் பிய்யும். பையை உள்ளும் புறமுமாகப் புரட்டி அந்த மூலையைப் பாருங்கள். வாரின் நுனியைத் துணி மடிப்புக்குள் ஆழமாகச் செருகி, சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறிபோலத் தைத்திருக்கிறதா? இழுவிசை ஒரே கோட்டில் விழாமல் பரப்பில் பிரிவதற்கான வழி அது. திருப்பூரில் பார்டேக் என்பார்களே, ஒரே இடத்தில் நெருக்கமாகக் குறுக்கே ஓட்டும் தையல், அதுவும் நல்ல அடையாளம். ஆனால் மற்றத் தையல்கள் நெருங்க நெருங்க நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. தபால்தலை ஓரம் மாதிரி ஊசித்துளைகளே துணியைக் கிழித்துவிடும். துணியின் வெட்டு விளிம்பு நாடா வைத்துப் பொதியப்படாமல், நூல் நூலாகத் தொங்கினால் அந்தப் பையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இவ்வளவும் பை உழைப்பதற்கு. சுமப்பவன் உழைப்பு வேறு கணக்கு.

தலையில் சும்மாடு வைத்துப் புல்லுக்கட்டைத் தூக்கிப்போகும் பெண்களின் சுமை, முதுகெலும்புக்கு நேர்மேலே இறங்குகிறது. உடல் எடையில் 20 சதவீதம் வரை தலையில் சுமந்தாலும் கென்யாவின் லுவோ இனப் பெண்களுக்குக் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்று 1986-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதுகுப்பைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுமை முதுகுக்குப் பின்னால் தொங்குவதால் நெம்புகோலாகி நம்மைப் பின்னுக்கு இழுக்கும். நாம் முன்னால் குனிந்து சரிக்கட்டுவோம். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைப்பதும் கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றா? கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கியதில் அமெரிக்கர் டிக் கெல்ட்டிக்குப் பெரிய பங்குண்டு. மலையேறும்போது, தோளில் மாட்டிய சட்டகத்தின் அடிநுனிகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிப் பார்த்தாராம். பாரம் இடுப்பில் இறங்கியது. 1952-ல் அலுமினியச் சட்டகப் பைகளை விற்கத் தொடங்கினார். மனைவி நீனா வீட்டிலேயே தைத்தார். 1963-ல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவின் முதுகில் அவர்கள் பைகள் இருந்தன.

இடுப்பு வார் வேலை செய்ய, அது வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதற்குப் பையின் முதுகு நீளம் நமக்குப் பொருந்த வேண்டும். தலையைக் குனிந்தால் பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் உச்சி மட்டம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கு இது வேறுபடும். அண்ணனுக்குப் பொருந்திய பை தம்பிக்கு வலி தரலாம்.

அலுவலகப் பைக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டாம். மடிக்கணினி அறையின் அடி, பையின் அடித்தளத்தைத் தொடாமல் ஓரிரு அங்குலம் மேலே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொட்டால், பையைப் பொத்தென்று வைக்கும் ஒவ்வொரு தடவையும் அடி கணினிக்குத்தான். விமானத்தில் போகிறவர்கள் பையின் சொந்த எடையைக் கேளுங்கள். கைப்பைக்கு உள்நாட்டில் 7 கிலோதான் கணக்கு என்னும்போது, வெறும் பையே 2 கிலோ இருந்தால் மிச்சம் என்ன? பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் பெரிய பையைத் தவிருங்கள், இடம் இருந்தால் நிரப்பிவிடுவார்கள். உடல் எடையில் 10 சதவீதத்துக்குள் என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பயனில்லை. நாலைந்து கிலோவை உள்ளே போட்டுப் பத்து நிமிடம் நடந்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாலித்தீன் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பையைக் கதவுக்குப் பின்னால் காற்றாட மாட்டுங்கள். பரண் வேண்டாம்.